117-ஆம் கட்டம் பச்சை

ஜூன் 9

வாத்தியாருக்கு,

நான்கு மாதமாக உங்களுக்கு ஒரு வரி எழுதாதவள் இன்று எழுதுகிறேன் என்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். காரியம்தான். அதற்காகக் காலைப் பிடிக்க மாட்டேன், கடிதம் மட்டும் போடுவேன்.

என் தங்கை உங்கள் கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். மருத்துவமனையில் உதவியாளர் வேலை அவளுக்காகக் காத்திருக்கிறது, நாம் சேர்ந்து சொல்லிக்கொடுத்த அந்த மொழியில் சான்றிதழ் கையில் இருந்தால். கேட்டுப் புரிந்துகொள்ளும் தேர்வு, நேரில் பேசும் தேர்வு, இரண்டிலும் தேற வேண்டும். இதற்கு முன் மூன்று வேலை கைக்கு எட்டி வாய்க்கு எட்டாமல் போனது. இதுவும் போனால் அவள் எழுந்திருக்க மாட்டாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

அவள் எண் 117. தங்கையை எண்ணால் எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பெயர் சொன்னால் உங்களுக்கு யாரென்று தெரியப்போவதில்லை. கொஞ்சம் கண் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லிவைத்தேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், அக்கா நிழலிலேயே இருக்கிறேன் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

ஆறு வகுப்பையும் ஒரே கூடமாக்கும் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டதை நான் மறக்கவில்லை. போனில் கூப்பிட வேண்டாம், உங்கள் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறேன். நீங்கள் பேசினால் ஐந்து நிமிடத்தில் நான் சிரித்துவிடுவேன், அப்புறம் என் கோபத்துக்கு என்ன மரியாதை. எழுதுங்கள்.

டீச்சர்


ஜூன் 18

டீச்சரம்மாவுக்கு,

கோபம் பத்திரமாக இருக்கட்டும், உங்களிடம் இருக்கும் ஒரே நகை அது. கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? உங்களோடு நானும் போயிருப்பேன், அந்த இடத்துக்கு மூன்றாவதாக ஒருவன் வந்து கையெழுத்துப் போட்டிருப்பான். கூடம் எப்படியும் வந்திருக்கும். வந்தும் விட்டது. பழைய பண்டகசாலை, நடுவில் ஆறு தூண், இருநூற்று நாற்பது நாற்காலி. ஒவ்வொருவர் கையிலும் நான்கு பொத்தான் வைத்த ஒரு சின்னப் பெட்டி. ஒலிபெருக்கியில் உரையாடலைப் போடுவேன், கேள்வி திரையில் வரும், அவர்கள் பொத்தானை அழுத்துவார்கள். பக்கத்துத் திரையில் இருநூற்று நாற்பது கட்டம். சரியாக அழுத்தினால் பச்சை, தப்பினால் சிவப்பு, சும்மா இருந்தால் சாம்பல். நீங்கள் இருந்த காலத்தில் ஒருவரைக் கேள்வி கேட்டால் மற்ற முப்பத்தொன்பது பேர் ஜன்னலை வேடிக்கை பார்ப்பார்கள். இங்கே ஒரே கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள். இது வகுப்பு இல்லை, பொதுக்கூட்டம் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போனீர்கள். வந்து பாருங்கள், பொதுக்கூட்டத்தில் இவ்வளவு பேர் விழித்திருந்து பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள். முதல் வாரம் எல்லோரும் அவரவர் பெட்டியில் மூன்று வாக்கியம் பேசிப் பதிய வேண்டும். இயந்திரமே கேட்டு மதிப்பெண் போட்டுவிடும். 117-க்கு 81. உங்கள் வீட்டு வாய் ஆயிற்றே.

வாத்தியார்


ஜூலை 2

வாத்தியாருக்கு,

இயந்திரம் கேட்டது சரி. நீங்கள் கேட்டீர்களா?

ஒன்று சொல்கிறேன், கோபத்தில் இல்லை. நான் கண்டுபிடித்த ஜோடிக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் இருவரும் ஒரு ஜோடி. ஒருவர் தப்பாகச் சொன்னாலோ சும்மா இருந்தாலோ இருவருக்கும் மதிப்பெண் இல்லை. அப்போதுதான் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போவார்கள். நம் வகுப்பில் பிச்சுவாக்கத்தி மாதிரி சண்டை போட்ட இருவர் அந்தக் கணக்கால் உயிர்ச்சிநேகிதர் ஆனது நினைவிருக்கிறதா? இருநூற்று நாற்பது பேரை உங்களால் பார்க்க முடியாது. அவர்களாவது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே என் பள்ளியில் இருபத்தெட்டுப் பேர். கூரை ஒழுகுகிறது. எல்லோர் முகமும் தெரிகிறது.

சின்னவள் ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். முக்கால் மணி நேரம். கூடத்தில் உங்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரைக்கூடச் சொன்னாள், எழுத மாட்டேன்.

டீச்சர்


ஆகஸ்ட் 20

டீச்சரம்மாவுக்கு,

பட்டப்பெயர் ‘மைக்’ என்பது எனக்கே தெரியும். தூங்கும்போதும் கையில் மைக் இருக்கும் என்று பேசிக்கொள்கிறார்கள். அதை இறக்கினால் நான்காவது வரிசைக்குமேல் யாருக்கும் நான் இல்லை.

ஜோடிக் கணக்கை அப்படியே போட்டுவிட்டேன். பலன் கண்ணுக்குத் தெரிகிறது. சாம்பல் கட்டமே இல்லாமல் போய்விட்டது. நிர்வாகத்தார் வந்து திரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த யோசனை உங்களுடையது என்று சொன்னேன், அவர்கள் குறித்துக்கொள்ளவில்லை.

உங்கள் தங்கைக்கு ஜோடி 118, தையல் வேலை பார்த்த பெண். இரண்டு பேரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி. 117 இந்த மாதம் நூற்றுக்கு 96. நான் வேண்டுமென்றே வேகமான உரையாடல் போட்ட அன்றும் அந்தக் கட்டம் பச்சை. மேடையிலிருந்து பார்த்தால் அவள் குனிந்து மேசையையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவ்வளவு கவனம். போன வாரம் மைக்கில் “நூத்திப் பதினேழு, எழுந்திருங்க” என்று கூப்பிட்டேன், எல்லோருக்கும் உதாரணமாகக் காட்டலாமே என்று. 118 தோளைத் தொட்டதும் எழுந்து நின்றாள். சிரித்தாள், தலையாட்டினாள், உட்கார்ந்துவிட்டாள். வெட்கம். அக்காவுக்கு இல்லாதது தங்கைக்கு இருக்கிறது.

கவலையே படாதீர்கள். இந்தக் கூடத்தில் நான் கவலைப்படாத ஒரே எண் அது.

வாத்தியார்


செப்டம்பர் 3

வாத்தியாருக்கு,

96 என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். ஆனால் எனக்கு வேறொரு உறுத்தல்.

மூன்று வாரமாகச் சின்னவள் போனை எடுப்பதில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்ந்துபோகிறது. பத்து நிமிடம் கழித்துத் தட்டச்சு செய்து அனுப்புகிறாள்: “படிக்கிறேன் அக்கா, எழுதி அனுப்பு.” ஞாயிறு முக்கால் மணி நேரம் போய் இப்போது மூன்று வரி. முகம் பார்த்துப் பேசலாம் என்றேன், போன் கேமரா கெட்டுவிட்டதாம்.

நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஜூலை கடைசியில், “தேறாம வந்தா வாசல்லயே நிக்க வெச்சிடுவேன்” என்று விளையாட்டாகச் சொன்னேன். அதை மனதில் வைத்துக்கொண்டாளோ என்னவோ.

பதினெட்டு மணி நேரப் பயணம், என் பள்ளியில் எனக்கு மாற்று ஆள் இல்லை. இல்லாவிட்டால் வந்திருப்பேன். நீங்கள் அவளைக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் பேசுங்கள். மைக் இல்லாமல். என்ன கோபம் என்று கேளுங்கள். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

டீச்சர்


செப்டம்பர் 25

டீச்சரம்மாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். முதல் கட்டத் தேர்வுகள், இருநூற்று நாற்பது பேர், ஒரு ஆள்.

பேசினேன். வகுப்பு முடிந்து எல்லோரும் ஒரே கதவு வழியாக வெளியேறும் நேரம், அப்போதுதான் பிடிக்க முடிந்தது. மைக் கையில் இருந்தது, அணைத்துத்தான் இருந்தது. 118 முன்னால் போய்விட்டாள்.

“என்னம்மா, பாடமெல்லாம் புரியுதா?” என்றேன்.

“சரி சார்.”

“அக்காகிட்ட பேசறதில்லையாமே?”

“ஆமா சார்.”

“அக்கா மேல கோபமா?”

“ஆமா சார்,” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோபத்தைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உங்கள் குடும்பத்தில்தான் இருப்பார்கள். நீங்கள் சொல்லி நான் கேட்கிறேன் என்று காட்டிக்கொடுத்துவிட்டேனோ என்று அப்புறம்தான் உறைத்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். விட்டுப்பிடியுங்கள். நீங்கள் அணைத்தும் அழுத்தியும் வளர்த்த பெண், இப்போது தனியாக நிற்கப் பார்க்கிறாள். படிப்பில் குறை இல்லை. இந்த மாதம் 98.

வாத்தியார்


அக்டோபர் 4

வாத்தியாருக்கு,

கேட்டுச் சொன்னதற்கு நன்றி.

என் மேல் கோபம் என்று உங்களிடம் சொல்ல முடிகிறது, என்னிடம் சொல்ல முடியவில்லை. பதினோரு வயதிலிருந்து அவளுக்குத் தலை வாரிவிட்டவள் நான். எனக்காக வந்த இரண்டு இடத்தை அவளுக்காக வேண்டாம் என்று சொன்னவள். சொல்லிக்காட்டக் கூடாது, சொல்லிவிட்டேன்.

இருக்கட்டும். நானும் கூப்பிடப் போவதில்லை, எழுதப் போவதும் இல்லை. அவளாக வரட்டும். அவள் தேறினால் ஒரு வரி போடுங்கள், அது போதும்.

டீச்சர்


நவம்பர் 12

டீச்சரம்மாவுக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் இங்கே வந்து இறங்கியிருப்பீர்கள், வந்ததும் உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து, உடனே புறப்படச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். காரணத்தை எழுத்தர் வாயால் நீங்கள் கேட்கக் கூடாது. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று நேரில் பேசும் தேர்வுக்கு ஒத்திகை. கூடத்துக்குப் பின்னால் காகிதக் கட்டு அடுக்கிய ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி. ஒவ்வொருவராக வர வேண்டும், ஜோடி கூடாது. 117 வந்தாள். அந்த மொழியில், “எப்போது இந்த ஊருக்கு வந்தீர்கள்?” என்று கேட்டேன். அவள் தன் பெயரையும் வயதையும் சொன்னாள். இன்னொரு முறை கேட்டேன். மறுபடியும் பெயர், வயது. பயத்தில் உளறுகிறாள் என்று நினைத்து நம் மொழியிலேயே, “அம்மா, நான் சொல்றது கேக்குதா?” என்றேன்.

“சரி சார்,” என்றாள்.

அவள் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். ஆறு மாதமாக அந்த வாய்க்கு முன்னால் ஒரு மைக் இருந்திருக்கிறது. நான் எழுந்து அவள் முதுகுக்குப் பின்னால் போய் இரண்டு கையையும் ஓங்கித் தட்டினேன். பக்கத்து அறையிலிருந்து எழுத்தர் ஓடி வந்தார். அவள் திரும்பவில்லை.

118-ஐக் கூப்பிட்டேன். நின்றபடியே அழுதாள். “ஆகஸ்ட் முதல் வாரமே ஒரு காது அடைச்சுக்கிச்சு சார். சளின்னு நினைச்சோம். அப்புறம் இன்னொண்ணும் போச்சு. சொன்னா வேலைக்கு ஆகாதுன்னு அனுப்பிடுவாங்க, நாளைக்குச் சரியாயிடும், நாளைக்குச் சரியாயிடும்னா. நான்தான் மேசை மேல விரலை வெச்சுக் காட்டுவேன். ரெண்டுன்னா ரெண்டு விரல், மூணுன்னா மூணு. அவ பாத்து அமுத்துவா. ஒருத்தருக்குப் போனா ரெண்டு பேருக்கும் போயிடும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

உதவியாளர் வேலைக்குப் போகிற முப்பது பேர் அதே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. பேச்சுப் பயிற்சி நேரத்தில் இருநூற்று நாற்பது பேரும் ஒரே சமயத்தில் பேசும்போது அங்கே யாருக்குத்தான் என்ன கேட்கிறது.

இன்று காலை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். நீங்கள் வந்து மருத்துவரைப் பாருங்கள், அவர் சொன்னதை நான் எழுத மாட்டேன்.

செப்டம்பரில் அந்தக் கதவருகே நான் கேட்ட எதுவும் அவள் காதில் விழவில்லை. ‘ஆமா சார்’ என்றது பதில் இல்லை. கோபம் இல்லை அவளுக்கு. கோபம் இல்லை.

வாத்தியார்


நவம்பர் 29, வியாழன்

வாத்தியாருக்கு,

மருத்துவமனை வராந்தாவில் நீங்கள் இரண்டு நாள் நின்றதைப் பார்த்தேன். நான் உங்களிடம் பேச வரவில்லை. வீடு வந்து சேர்ந்துவிட்டோம்.

காது அடைத்த முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்திருந்தால் மருந்திலேயே பெரும்பாலும் மீட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். இப்போது ஊசி போட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் திரும்பவில்லை. கருவி மாட்டினால் இரைச்சல் தெரிகிறது, பேச்சு தெரியவில்லை. வேலை இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

உங்களை வைது நான்கு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். ஜோடிக் கணக்கு என்னுடையது. நாற்பது பேர் வகுப்பில் அது நன்றாக நடந்தது, ஏனென்றால் நான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன் என்று எழுத வந்தேன். அதுவும் உண்மையா என்று இப்போது தெரியவில்லை. எத்தனை பேர் மேசைக்கு மேல் விரல் காட்டினார்களோ.

இன்னொன்று உங்களுக்குத் தெரியாது. அக்டோபர் பதினொன்றாம் தேதி அவள் எனக்கு ஒரு வரி அனுப்பினாள்: “அக்கா, சளி பிடிச்சா காது எத்தனை நாள் அடைச்சிருக்கும்?” படித்தேன். இப்போதுதான் அக்கா ஞாபகம் வந்ததா என்று பதில் போடாமல் விட்டேன். நீங்கள் 98 என்று எழுதியிருந்தீர்கள், கோபம் என்று எழுதியிருந்தீர்கள், இரண்டையும் நம்பினேன்.

அவள் இப்போது பேசுவதில்லை. தன் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்த மறுநாள் கடையில் ஏதோ கேட்டாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தோடு வாயை மூடிக்கொண்டாள். நோட்டில் எழுதுகிறாள். நான் பேசினால் சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள். நீங்கள் மேடையிலிருந்து பார்த்தது இதுதான் போலிருக்கிறது.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். முதல் வாரம் அவள் பெட்டியில் மூன்று வாக்கியம் பேசிப் பதிந்ததாக எழுதியிருந்தீர்கள். அதை எனக்கு எடுத்து அனுப்புங்கள். ஞாயிறுதோறும் அவ்வளவு பேசினோம், எதையும் நான் பதிந்து வைக்கவில்லை. யார் வைப்பார்கள்? அவள் குரல் என்னிடம் எங்குமே இல்லை. புரியாத மொழியாக இருந்தாலும் பரவாயில்லை என்று எழுதிவிட்டேன், அந்த மொழியை ஆறு வருடம் உங்களோடு சேர்ந்து சொல்லிக்கொடுத்தவள் நான். புத்தி இப்படித்தான் இருக்கிறது.

கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கும் நிலையில் இல்லை.

டீச்சர்


டிசம்பர் 6

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, புதன்கிழமை, என் மேசைக்கு வந்தது.

திங்கட்கிழமை 117-ஆம் எண்ணைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எண்ணை மாற்றிக் கொடுக்கும்போது பழையவரின் பதிவு எல்லாம் அழிந்துவிடும், இடம் போதாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் கேட்டேன். பெட்டியை விற்றவர்களிடம் கேட்டேன். எங்காவது ஒரு நகல் இருக்காதா என்று கெஞ்சினேன். இல்லை.

ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் வெள்ளிக்கிழமையே எடுத்திருப்பேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஜூன் மாதமே நானாகக் கேட்டிருந்தால் எனக்காவது நினைவில் இருந்திருக்கும். நீங்கள் அப்போதே எழுதிக் கேட்டீர்கள், நீங்கள் கேட்டீர்களா என்று. நான் கேட்கவில்லை. இருநூற்று நாற்பதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை.

புதிய 117 நல்ல உயரமான ஆள், காது நன்றாகக் கேட்கிறது. உட்கார்ந்த அன்றே கட்டம் பச்சை. 118 அவருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். ஒலிபெருக்கியில் உரையாடல் ஓடும்போது அவள் இடது கை தானாக மேசைமேல் வந்து விரலை விரிக்கிறது. ரெண்டு. நாலு. பிறகு தெரிந்து மடக்கிக்கொள்கிறாள். இப்போது நான் மேடையை விட்டு இறங்கி வரிசைகளுக்குள் நடக்கிறேன். ஒரு வரிசை முடிவதற்குள் மணி அடித்துவிடுகிறது.

அந்தப் பதிவின்போது பக்கத்தில் இருந்தவள் 118தான். என்ன பேசினாள் என்று கேட்டேன். பெட்டியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு முறை சிரித்துவிட்டாளாம், மூன்றாவது முறைதான் சரியாக வந்ததாம். மூன்று வாக்கியம். அந்த மொழியில் சொன்னதை நம் மொழியில் எழுதுகிறேன்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். அவள் ரொம்பச் சத்தமாகப் பேசுவாள்.

மூன்றாவது வாக்கியம் 118-க்கு நினைவில்லை.

வாத்தியார்